வீட்டுத் தோட்டத்தில் பெரிக் புகையிலை: விதையிலிருந்து பைப் வரை

பெரிக் என்பது அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்சுக்கும் பேட்டன் ரூஜுக்கும் நடுவே மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் பேரிஷ் பகுதியில் விளைவித்து, அங்கேயே ஓக் பீப்பாய்களில் அழுத்திப் புளிக்க வைக்கப்படும் கறுப்புப் புகையிலை. பைப் புகைப்பவர்கள் இதைத் தனியாகப் புகைப்பது குறைவு. வர்ஜீனியா என்னும் புகையிலை வகையின் இலையோடு சிறிதளவு சேர்த்து, அதன் இனிப்புக்கு ஒரு காரமும் ஆழமும் கொடுக்கப் பயன்படுத்துவார்கள். இந்த இலையைத் தோட்டத்தில் வளர்த்துத் தானே அழுத்திப் பார்க்க விரும்பும் தமிழர்கள் ஹூஸ்டன், டாலஸ் போன்ற தென் மாநில நகரங்களில் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் ஓரிடத்திலும், பயிர் முறை ஓரிடத்திலும், அழுத்தும் முறை வேறோரிடத்திலுமாகச் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொருவரும் முதல் ஆண்டு விளைச்சலை இழந்த பிறகே முறையைக் கற்றுக்கொள்கிறார்கள். நானும் அந்தச் சிரமத்தின் வழியாகத்தான் வந்தேன். நீங்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, இலை இயற்கையாக விளைந்தது, கையால் பதப்படுத்தியது என்பதால் அதன் தீங்கு குறைவதில்லை. பைப் புகை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிறது, புளிக்க வைத்த இலைக்கும் இது பொருந்தும். புகைக்காத ஒருவர் இதற்காகப் புகைக்கத் தொடங்குவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவது, பணத்தை மிச்சப்படுத்துவது உங்கள் நோக்கமானால் இந்த வேலை வேண்டாம். ஒரு கலவைக்குத் தேவைப்படும் பெரிக் மிகக் குறைவு; கடையில் சில அவுன்ஸ் வாங்கினாலே பல மாதங்களுக்கு வரும்.

1. எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் விதைப் பொட்டலம். "பெரிக்" என்று அச்சிட்ட விதையை வாங்கி, வளர்த்து, நிழலில் காயவைத்து, நறுக்கிப் பைப்பில் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய பெரிக்கின் மணம் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். அந்தச் செடியின் இலை காய்ந்த நிலையில் ஒரு சாதாரணக் கரும்பழுப்புப் புகையிலைதான். பர்லி என்னும் புகையிலை இனத்துக்கு நெருக்கமான, தடிப்பான, வலிமையான இலை. உலர்பிளமும் அத்திப்பழமும் கலந்தது போன்ற மணம், மூக்கின் வழியே புகையை விடும்போது எழும் மிளகுக் காரம், வினிகரை நினைவூட்டும் புளிப்பு ஆகிய மூன்றும் அழுத்தத்தின் கீழ், காற்றுப் படாமல், தன் சாற்றிலேயே இலை ஓராண்டு கிடப்பதால் உண்டாகின்றன. விதைக்கு இதில் பங்கு உண்டு, பெரும்பங்கு அழுத்தத்துக்கும் காலத்துக்கும்தான்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விதையிலிருந்து தொடங்குவது. விதைத்த நாளிலிருந்து புகைக்கத்தக்க இலை கைக்கு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். மற்றொன்று, காற்றில் பதப்படுத்திய கரும்பர்லி இலையை முழு இலையாகப் பவுண்டுக் கணக்கில் வாங்கி, நேராக ஆறாம் படிக்குப் போவது. இதில் அரை ஆண்டு மிச்சமாகும். தோட்ட வேலையில் பழக்கம் இல்லாதவர்களுக்கு, முதல் ஆண்டில் வாங்கிய இலையை அழுத்திப் பழகிக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் விதைக்கு வருவதையே நான் பரிந்துரைப்பேன். அழுத்தக் கற்றுக்கொண்ட பிறகு, சொந்த இலையை வீணாக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

2. சட்டமும் ஆவணங்களும்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் வரி விதித்தொகுப்பின் 5702ஆம் பிரிவு, தன் சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும் புகையிலைப் பொருளைச் செய்பவரை "உற்பத்தியாளர்" என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. அதனால் உங்கள் வீட்டில் வளர்த்து, நீங்களே புகைக்கும் இலைக்கு உரிமமும் வரியும் இல்லை. "சொந்தப் பயன்பாடு" என்ற சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செலவை மட்டும் வாங்கிக்கொண்டு நண்பருக்குக் கொடுப்பது, மன்ற ஒன்றுகூடலில் பொட்டலமாகப் பங்கிடுவது ஆகியவை இந்த விலக்குக்குள் அடங்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

விற்கும் எண்ணம் இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. டி.டி.பி. எனப்படும் மது, புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகத்தில் உற்பத்தியாளர் அனுமதி பெற வேண்டும்; அதற்கான படிவத்தின் எண் 5200.3. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அனுமதி கைக்கு வருமுன் ஒரு அவுன்ஸ்கூட விற்கக் கூடாது; வந்த பிறகு பைப் புகையிலைக்குப் பவுண்டுக்கு 2.8311 டாலர் கூட்டாட்சி வரியும், அதற்கு மேல் மாநில வரியும், உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதிகளும் சேரும். கடையில் இலையோ கலவையோ வாங்குவதற்கு நாடு முழுவதும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடையாள அட்டை கேட்பார்கள்.

அரசைவிட அடிக்கடி தொல்லை தருவது குடியிருப்போர் சங்கம். உங்கள் வீடு சங்கத்துக்கு உட்பட்டதானால், வீடு வாங்கும்போது கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆவணத்தில் முன்முற்றப் பயிர்கள், செடியின் உயரம், கொட்டகை ஆகியவை பற்றிய பகுதிகளை விதைக்குமுன் படித்துவிடுங்கள். புகையிலை ஆளுயரத்துக்கு மேல் வளரும். வேலிக்கு மேலே தெரியும். பொதுத் தோட்டத்தில் பாத்தி வாடகைக்கு எடுத்திருந்தால் அங்கே புகையிலைக்குத் தடை இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் புகையிலைத் தேமல் நச்சுயிரி பக்கத்துப் பாத்தியின் தக்காளிக்கும் மிளகாய்க்கும் எளிதில் பரவும்.

ஊருக்குப் போகும்போது இலையை எடுத்துச் செல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியச் சுங்கத்தில் பயணி ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம்; புறப்படுமுன் அப்போதைய விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பையில் போடாதீர்கள். இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, விதை கொண்டுவர முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும், அமெரிக்க வேளாண் துறை தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஊரில் இருக்கும் உறவினர் ஆசைப்பட்டார் என்பதற்காக ஒரு நோயை அங்குள்ள வயல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய தவறாகிவிடும்.

வைத்திருக்க வேண்டிய தாள்கள் இவை: விதை அல்லது இலை வாங்கிய ரசீது, விதையின் இனப்பெயரும் ஆண்டும் உள்ள பொட்டலம், விதைத்த நாள் முதல் அழுத்தம் திறந்த நாள்வரை எழுதிய ஒரு குறிப்பேடு. குறிப்பேடு சட்டத்துக்காகக் கேட்கப்படுவதன்று. ஓராண்டு கழித்து இலை நன்றாக வந்தால் ஏன் வந்தது என்பதையும், கெட்டால் எந்த மாதத்தில் கெட்டது என்பதையும் அது ஒன்றுதான் சொல்லும்.

3. செலவும் காலமும்

பொட்டல விதை 3 முதல் 5 டாலர், நாற்றுத் தட்டும் மண்ணும் சுமார் 20, பொட்டாசியம் சல்பேட் உரம் 15 முதல் 20, கையுறை 10, ஈரப்பதமானி 10 முதல் 15, எட்டு லிட்டர் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் 30 முதல் 40, இலையை அழுத்த இரண்டு டன் கார் ஜாக்கி 25 முதல் 35, ஜாக்கியைத் தாங்கும் சட்டகத்துக்கு மரமும் மரைத்தண்டுகளும் சுமார் 40, ஓக் பலகை 15. எல்லாம் சேர்ந்து 200 டாலருக்குள் முடிக்கலாம்; இரண்டாம் ஆண்டில் விதையும் உரமும் மட்டுமே செலவு. பழைய விஸ்கி பீப்பாய் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பீப்பாயை நிரப்பச் சுமார் 500 பவுண்டு இலை வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பணத்தைச் சேமியுங்கள்.

ஹூஸ்டன் தட்பவெப்பத்துக்கான நாட்காட்டி இது: ஜனவரி நடுவில் வீட்டுக்குள் விதைப்பு, மார்ச் நடுவில் நடவு, மே இறுதியில் கொழுந்து கிள்ளல், ஜூன் கடைசியில் அறுவடை, ஜூலை நடுவில் அழுத்தத் தொடக்கம், அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் திறப்பு. வடக்கே வாழ்பவர்கள் தங்கள் பகுதியின் கடைசி உறைபனி நாளிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் தளர்த்தக் கூடாத இணைப்பு, கோடை வெப்பத்தில் அழுத்தம் தொடங்குவதுதான். அக்டோபருக்குத் தள்ளிப்போனால் குளிரில் புளிப்பு மந்தமாகி, முதல் சில மாதங்கள் பயனின்றிப் போய்விடும்.

4. நாற்றும் நடவும்

ஒரு கிலோ நடுநரம்பு நீக்கிய இலை இருந்தால்தான் அழுத்தம் சீராக அமையும். ஒரு செடி சுமார் 100 கிராம் காய்ந்த இலை தரும், அதில் கால்பங்கு நரம்பாகப் போகும். ஆகவே இருபது செடிகளுக்குத் திட்டமிடுங்கள். இழப்புக்கும் இடம் இருக்கும். செடிக்குச் செடி இரண்டடி, வரிசைக்கு வரிசை மூன்றடி என்று விட்டால் 120 சதுர அடி நிலம் போதும்.

விதை தூள்போல் நுண்ணியது. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மண்ணால் மூடாதீர்கள், முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான மண்ணின் மேல் தூவி, தட்டின் அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்ச விட்டால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைக்கும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதைகள் ஒரு மூலையில் குவிந்துவிடும்.

உரத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. தோட்டக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடை உறிஞ்சிய புகையிலை எரியாது; பைப்பில் மீண்டும் மீண்டும் அணைந்துகொண்டே இருக்கும், அதற்குப் பிறகு எந்தப் பதப்படுத்தலும் அதைச் சரிசெய்யாது. மூட்டையின் பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலைப் படித்து, பொட்டாசியம் சல்பேட் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீருக்கும் இதே குறை உண்டு.

செடியைத் தொடுமுன் சிகரெட்டையோ தக்காளிச் செடியையோ தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேமல் நோய் கை வழியாகவே வரும். புகையிலைக் கொம்புப்புழு ஓர் இரவில் ஓர் இலையைத் தின்றுவிடும். மாலை வேளையில் கையால் பொறுக்குவதும், தேவையானால் பி.டி. எனப்படும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தூளைத் தெளிப்பதும் போதும். செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்துகளை அறவே தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இலையைத்தான் நீங்கள் எரித்து மூச்சில் இழுக்கப் போகிறீர்கள்.

5. கொழுந்து கிள்ளல், அறுவடை, காயவைத்தல்

பூமொட்டு தலைகாட்டியவுடன் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பூ அழகாக இருக்கிறது என்று விட்டுவைப்பவர்கள் இலையின் தடிப்பை இழக்கிறார்கள். செடியின் வலு முழுவதும் விதைக்குப் போய்விடும். கிள்ளிய பிறகு ஒவ்வோர் இலைக்கணுவிலும் பக்கக் கிளை முளைக்கும், அதை வாரம் ஒருமுறை ஒடித்துவிட வேண்டும். இந்த வேலையின் போது இலைப்பிசின் கையில் கறுப்பாக ஒட்டும். கறையைவிடக் கவலைக்குரியது நிகோடின். பனியிலோ மழையிலோ நனைந்த இலையிலிருந்து நிகோடின் தோல் வழியே இரத்தத்தில் கலந்து தலைச்சுற்றல், வாந்தி, தலைவலி ஆகியவற்றை உண்டாக்கும். நீர்புகாக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள், இலை உலர்ந்த பிறகே தோட்டத்துக்குள் போங்கள், குழந்தைகளை இந்த வேலைக்கு அழைக்காதீர்கள்.

இலை மஞ்சள் திட்டுக் கண்டு, மடித்தால் சடக்கென்று உடையும் நிலைக்கு வந்ததும், தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கார் நிறுத்தும் கொட்டகை போதும். வெயில் நேராகப் படக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், இரு செடிகளுக்கு நடுவே கை நுழையும் இடைவெளி வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் இலைப்பரப்பு பழுப்பாகும். வழக்கமான காற்றுப் பதப்படுத்தல் முடிய இன்னும் பல வாரங்கள் வேண்டும், ஆனால் பெரிக்குக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. செயின்ட் ஜேம்ஸ் விவசாயிகளும் இலை பழுத்துப் பழுப்பேறியதும் அழுத்தத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பச்சை மட்டும் எங்கும் மிஞ்சியிருக்கக் கூடாது. பச்சையோடு உலர்ந்த திட்டு பீப்பாய்க்குள் போனாலும் புல் மணத்தோடேயே வெளிவரும்.

6. அழுத்தத்துக்கு இலையைத் தயாரித்தல்

உலர்ந்த இலையைத் தொட்டால் நொறுங்கும். குளோரின் இல்லாத வடிகட்டிய தண்ணீரைப் புகைபோல நுண்ணியதாகத் தெளித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் இலை துணிபோல மடிய வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. இந்தப் பதத்தைக் கையால் பழகுவதற்காகச் சில மட்டமான அடியிலைகளில் முதலில் செய்து பாருங்கள்.

பிறகு நடுநரம்பு. இலையின் நுனிப் பக்கத்தில் நரம்பை இரு விரலால் பிடித்து அடிக்காம்பை நோக்கி மெல்ல இழுத்தால், பதம் சரியாக இருந்தால், நரம்பு முழுவதும் ஒரே இழையாகக் கழன்று வரும், இலை இரண்டு பாதியாகக் கையில் நிற்கும். நடுவில் அறுந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். நரம்பை விட்டுவைத்தால் அழுத்தத்தில் அது இலைகளுக்கு நடுவே இடைவெளி உண்டாக்கும், அந்த இடைவெளியில் காற்று தங்கும், காற்று தங்கிய இடத்தில் பூஞ்சணம் வரும்.

பாதியிலைகளை ஒரே திசையில் அடுக்கி, ஒரு முழு இலையால் சுற்றி, இரு முனைகளையும் முறுக்கிக் கட்டாக்குங்கள். லூயிசியானாவில் இந்த முறுக்குக் கட்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பவுண்டு இருக்கும். உங்கள் பாத்திரத்துக்கு 100 கிராம் கட்டுகள் பொருந்தும். நறுக்கிய இலையை நேராகக் கொட்டி அழுத்துபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பின்னால் எடுத்துப் பிரித்துக் காற்றாட விடும்போது கையில் கூழ்தான் மிஞ்சும். கட்டாகச் செய்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மீண்டும் அடுக்கலாம்.

7. அழுத்தம்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாப் படிகளும். இதில் நிதானம் வேண்டும்.

பாத்திரம் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாறு அமிலத் தன்மையுள்ளது. அலுமினியத்தை அரிக்கும், வெறும் இரும்பில் துரு கலக்கும். உணவுத்தர பிளாஸ்டிக் வாளி மலிவுதான், ஜாக்கியின் விசையில் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். பாத்திரத்தின் உட்புற விட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக ஓக் பலகையில் ஒரு வட்டத் தட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சிறு இடைவெளி வழியாகத்தான் சாறு மேலே ஏறும். பைன் மரம் வேண்டாம், அதன் பிசின் மணம் இலையில் இறங்கிவிடும்.

சட்டகத்துக்கு நான்கு அங்குல மரக்கட்டை மேலும் கீழுமாக இரண்டு, அவற்றை இணைக்க அரை அங்குல மரைத்தண்டு நான்கு. கட்டுகளைப் பாத்திரத்தில் இடைவெளியின்றி அடுக்கி, தட்டை வைத்து, அதன் மேல் ஒரு மரத்துண்டும், அதன் மேல் ஜாக்கியும் நிறுத்தி, மேற்கட்டையில் முட்டும்வரை உயர்த்துங்கள். முகத்தைச் சட்டகத்துக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். மரம் தெறித்தால் ஆபத்து. இரண்டு டன் ஜாக்கியின் முழு விசையும் தேவைப்படாது. தட்டின் விளிம்பைச் சுற்றிக் கரும்பழுப்புச் சாறு கசிந்து, தட்டின் மேல் ஒரு விரற்கடை உயரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஊறுகாய்ச் சாடியில் எண்ணெய் மேலே நின்று காய்களைக் காப்பதுபோல, இந்தச் சாறு இலையைக் காற்றிடமிருந்து காக்கிறது. முதல் நாளிலேயே சாறு எழாது. இலை இளகி இறங்க இறங்க அழுத்தம் தளரும். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை ஜாக்கியை இறுக்குங்கள். ஒரு வாரமாகியும் சாறு தலைகாட்டாவிட்டால் இலை உலர்ந்திருக்கிறது. திறந்து, சிறிது தண்ணீர் தெளித்து மீண்டும் அழுத்துங்கள்.

சாற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அது அடர்ந்த நிகோடின் கரைசல். கீழே வழிந்தால் கையுறையோடு துடையுங்கள், நாயோ பூனையோ நக்க விடாதீர்கள், வடித்துக் கொட்டவும் கூடாது. அழுத்தத்தைத் தளர்த்தும்போது இலை அந்தச் சாற்றை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் திறப்பு. ஜாக்கியைத் தளர்த்தி, கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, சில மணி நேரம் நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு மேலே இருந்தது கீழே வரும்படி மாற்றி அடுக்கி மீண்டும் அழுத்துங்கள். இரண்டு மூன்று மாத இடைவெளியில் இன்னும் இரண்டு முறை இதையே செய்ய வேண்டும். செயின்ட் ஜேம்ஸ் வழக்கமும் மூன்று திறப்புகள்தான். மூன்றாம் முறைக்குப் பிறகு, அழுத்தம் தொடங்கிய நாளிலிருந்து ஓராண்டு நிறையும்வரை மூடியே இருக்கட்டும். ஆவலை அடக்க முடியாமல் வாரந்தோறும் திறந்து முகர்ந்து பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் புதுக் காற்றை உள்ளே விடுகிறார்கள். பூஞ்சணம் வருவதற்கு இதைவிடப் பொதுவான காரணத்தை நான் பார்த்ததில்லை.

மணம் மாறிக்கொண்டே வரும். முதல் திறப்பில் தொழுவத்து மணமும் கள்ளின் நெடியும் கலந்து எழும். இதைக் கண்டு அஞ்சி இலையைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் திறப்பில் வினிகர் மேலோங்கும். மூன்றாவதில்தான் உலர்பழ மணம் தெளிவாகும். சாற்றின் மேல் வழவழப்பான வெள்ளை ஆடை படிந்திருந்தால் அது ஈஸ்ட், வழித்தெடுத்துவிட்டுத் தொடரலாம். பஞ்சுபோல எழும்பிய வெள்ளை, பச்சை, கறுப்புப் பூஞ்சணமும் ஈரச்சுவர் நாற்றமும் இருந்தால் அந்தக் கட்டுகளை மட்டுமின்றி அவற்றைத் தொட்டிருந்தவற்றையும் எறிந்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த புகையிலையைக் கழுவிக் காயவைத்துப் புகைக்க முயல்வது நுரையீரலோடு விளையாடுவது.

8. இலை ஆயிற்றா என்று பார்த்தல்

ஒரு கட்டின் நடுவிலிருந்து ஒரு பாதியிலையை உருவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விளிம்பிலிருந்து நரம்பு இருந்த ஓரம்வரை ஒரே கறுப்பாக, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்க வேண்டும். பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் இன்னும் இரண்டு மாதம் அழுத்துங்கள். இலை கறுத்திருந்தாலும் இழுத்தால் மீள்கிற உறுதி அதில் மிஞ்சியிருக்க வேண்டும். விரல் பட்டதும் பிசுபிசுத்துக் கரைந்தால் ஈரம் அதிகமாகி அழுகியிருக்கிறது. முகர்ந்தால் மூக்கு நுனியில் புளிப்பும், சற்றுக் கழித்துப் பழத்தின் இனிப்பும் தெரிய வேண்டும். அம்மோனியாவின் நெடி இருந்தால் விரித்து ஓரிரு நாள் காற்றாட விட்டு மீண்டும் முகருங்கள்.

செயின்ட் ஜேம்ஸ் இலையோடு ஒப்பிட்டுப் பார்க்க, கலவைக்கென்று தனியாக விற்கும் பெரிக்கை ஒரு அவுன்ஸ் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது அதேபோல வராது. அந்த ஆற்றங்கரை மண்ணும், பல தலைமுறைகளாகப் புளிப்பேறிய பீப்பாய் மரமும் உங்களிடம் இல்லை. வீட்டு இலையில் காரம் பெரும்பாலும் சரியாக வந்துவிடும், பழமணம்தான் ஒரு படி குறைவாக இருக்கும். இன்னும் சில மாதங்கள் விட்டுவைத்தால் அதுவும் கூடும்.

9. கலத்தலும் சேமித்தலும்

முதல் கலவையை 5 சதவீதத்தில் தொடங்குங்கள்: 50 கிராம் கலவைக்கு 47.5 கிராம் வர்ஜீனியா, 2.5 கிராம் பெரிக். 0.1 கிராம்வரை காட்டும் சமையல் தராசு இதற்கு அவசியம்; கண்ணளவில் போட்டால் இரட்டிப்பாகிவிடும். பிடித்திருந்தால் 10, பிறகு 15 என்று கூட்டலாம். இந்த இலை அமிலத் தன்மையுள்ளது, அதனால் நிகோடின் மெதுவாகவே ஏறும். ஒன்றும் தெரியவில்லையே என்று வேகமாக இழுப்பவர்கள் பைப் பாதியில் இருக்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். தனிப் பெரிக்கைப் பைப்பில் நிரப்பிப் பார்ப்பது புதியவர்களுக்கு ஏற்றதன்று.

எந்த வர்ஜீனியாவோடு சேர்ப்பது என்பதில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. இளம் மஞ்சள் வர்ஜீனியாவின் கூர்மையோடு பெரிக்கின் காரமும் சேர்ந்தால் நாக்கு எரியும். முதிர்ந்த சிவப்பு வர்ஜீனியாவின் ரொட்டி மணம்தான் அதற்கு நல்ல அடித்தளம். இலையை மெல்லிய இழைகளாக நறுக்கி, அமுக்கினால் மெல்ல மீண்டெழும் பதத்துக்கு உலர்த்தி, வர்ஜீனியாவோடு கலந்து, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி ஒரு மாதம் விடுங்கள். கலந்த அன்றே புகைத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அதை வைத்து இலையை மதிப்பிட வேண்டாம்.

மிச்சமுள்ள கட்டுகளை நறுக்காமல், ஈரம் குறையாமல், புட்டியில் அடைத்துக் குளிர்ந்த இருட்டில் வையுங்கள். புட்டியின் மேல் அறுவடை ஆண்டும் அழுத்தம் திறந்த நாளும் எழுதுங்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டாம். அங்கே ஈரம் ஏறி இறங்கும். காய்ந்துபோன பெரிக்கை மீண்டும் நனைத்தால் மணத்தில் ஒரு பங்கு திரும்பாது.

அடுத்த ஆண்டுக்கு விதை வேண்டுமானால், மே மாதத்தில் ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் விட்டு, பூங்கொத்தின் மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுங்கள். காய் பழுப்பேறி உலர்ந்ததும் பையோடு வெட்டி, காகித உறையில் உதிர்த்து, இனப்பெயரும் ஆண்டும் எழுதி உலர்ந்த இடத்தில் வைத்தால், ஒரே செடியின் விதை பல ஆண்டுகளுக்குப் போதும்.